தானமும் நியாயமும்

மருந்தை விற்றுப் பணம் சேர்க்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவது உண்டு. அந்தக் காலத்து நாட்டு வைத்தியர் நோயாளியிடம் கூலி பேச மாட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்ததை எண்ணிப் பார்க்காமல் மடியில் முடிந்துகொண்டு போவார். ஒன்றும் வைக்க முடியாத வீடு என்றால், "முதலில் உடம்பு தேறட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவார். இதை நினைத்து நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் அதே வைத்தியரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டார். விடியுமுன் போய்ப் பச்சிலை பறிப்பார். கதவைச் சாத்திக்கொண்டு அரைப்பார். "வெளியே சொன்னால் மருந்து பலிக்காது" என்பார். மகனுக்குச் சொன்னால் உண்டு. மகன் இல்லாவிட்டால், அல்லது மகன் பட்டணத்துக்குக் குமாஸ்தா வேலைக்குப் போய்விட்டால், அந்த மருந்து வைத்தியரோடு சிதையில் வெந்து போகும். பணத்தைப் பெரிதாக நினைக்காத அந்த மனிதர் ரகசியத்தைப் பெரிதாக நினைத்தார். அவர் வாங்காமல் விட்ட கூலியைவிட, சொல்லாமல் கொண்டு போன மருந்து ஊருக்குப் பெரிய நஷ்டம்.

பேட்டண்ட் என்றும் காப்புரிமை என்றும் நாம் சொல்லுகிற சட்டம், இந்த நஷ்டத்தைத் தடுப்பதற்காகச் சமூகம் செய்துகொண்ட ஒரு பேரம். "நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு. எல்லோரும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அதற்குப் பிரதியாக, சில ஆண்டுகள் உன்னைத் தவிர வேறு யாரும் அதைச் செய்து விற்காமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." இன்றைய கணக்கில் அந்தச் சில ஆண்டுகள் இருபது. கெடு முடிந்ததும் கண்டுபிடிப்பு ஊர்ப் பொதுச் சொத்து ஆகிவிடும். இந்தப் பேரத்தில் அதர்மம் ஒன்றும் இல்லை. வைத்தியரின் ரகசியத்தைவிட இது மேலான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், அந்த இருபது ஆண்டுகளுக்குள் நோயாளி என்ன செய்வது என்ற இடத்தில் வருகிறது. நோய்க்கு இருபது ஆண்டு பொறுமை கிடையாது.

இந்தக் கேள்வியைப் பற்றி வெறும் தத்துவமாகப் பேசிக்கொண்டு போகலாம். ஆனால் நம் நாட்டிலேயே, நம் சென்னையிலேயே தொடங்கி டில்லி சுப்ரீம் கோர்ட் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. அதைக் கூர்ந்து பார்ப்பது, தத்துவத்தைவிட அதிகமாகக் கற்றுக் கொடுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. மெல்ல வளர்ந்து, சில ஆண்டுகளில் ஆளையே முடித்துவிடும் வகை. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார், ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவது குரோமோசோமும் ஒன்றுக்கொன்று துண்டு மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று காட்டினார். அந்த இடமாற்றத்தால் பிறக்கும் ஒரு கெட்ட புரதம், ரத்த அணுக்களை "பெருகு, பெருகு" என்று ஓயாமல் விரட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தின் வாயை மட்டும் அடைக்கிற மருந்து ஒன்றைச் செய்ய முடியுமா என்று பலர் பாடுபட்டார்கள். ஸ்விட்சர்லாந்தில் சிபா-கைகி என்ற கம்பெனியில் யூர்க் சிம்மர்மான் என்ற ரசாயனி அதைச் செய்து முடித்தார். நிக்கலஸ் லைடன் என்ற விஞ்ஞானி அந்த முயற்சிக்கு வழிகாட்டினார். அமெரிக்க டாக்டர் பிரையன் ட்ரூக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டு போயே தீருவது என்று பிடிவாதமாக நின்றார்.

1998 ஜூனில் முதல் நோயாளிக்கு மருந்து கொடுத்தார்கள். அந்தச் சோதனையில் போதுமான அளவு மருந்து உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரான நிலைக்குத் திரும்பியது. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. இமாட்டினிப் என்பது மருந்தின் பெயர். க்ளீவெக் என்பது விற்பனைப் பெயர். சாவு நிச்சயம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், தினம் ஒரு முறை மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். இதைச் செய்தவர்களை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பிறகு நடந்த வழக்கைப் பற்றி என்ன சொன்னாலும், இந்தக் கும்பிடைப் போட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சிபா-கைகி கம்பெனி 1996-இல் ஸாண்டோஸ் என்ற கம்பெனியோடு இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. நோவார்ட்டிஸ் இந்தியாவில் இந்த மருந்துக்கு வைத்த விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் செய்து விற்றன. ஒரு மாதம் சாப்பிட்டு நிறுத்துகிற மருந்து இல்லை இது. பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். மாதம் ஒன்றுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றால், நம்மில் எத்தனை பேர் எத்தனை மாதம் உயிர் வாழ முடியும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இங்கே கம்பெனியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். விலையைக் கொடுக்க முடியாதவர்களுக்கு மருந்தை இலவசமாகவே கொடுத்தோம் என்றார்கள் அவர்கள். இந்தியாவில் தங்கள் மருந்தைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர், அதாவது ஏறக்குறைய 16,000 பேர், காசு கொடுக்காமல் பெற்றவர்களே என்பது அவர்கள் சொன்ன கணக்கு. பொய் என்று தள்ளிவிட முடியாது. இலவச மருந்துத் திட்டம் உண்மையில் நடந்தது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் இருந்தார்கள்.

அப்படியானால் வழக்கு எதற்கு? இலவசமாகக் கொடுப்பவன் மேல் யாராவது குறை சொல்லுவார்களா? பத்தாயிரம் ரூபாய்க்கு விற்பவனைவிடச் சும்மா கொடுப்பவன் உயர்ந்தவன் இல்லையா?

இந்தக் கேள்விதான் என்னை இந்த வழக்கின் பக்கம் இழுத்தது. இதற்குப் பதில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் நேராக எழுதப்பட்டிருக்கவில்லை. கோர்ட் வேறு ஏதோ ஒன்றைத்தான் விசாரித்தது. அந்த வேறு ஒன்றின் வழியாகத்தான் இந்தக் கேள்விக்கும் பதில் வந்து சேர்ந்தது.

வழக்கு புரிய வேண்டுமானால் சற்றுப் பின்னே போக வேண்டும். சுதந்திரம் வந்தபோது நம் நாட்டில் வெள்ளைக்காரர் காலத்துக் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அதைத் திருத்துவது பற்றி ஆராய்ந்து சொல்லும்படி, சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரை மத்திய சர்க்கார் கேட்டுக்கொண்டது. 1959-இல் அவர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வெளிநாட்டார் கையில் இருந்தன என்றும், அவற்றில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இங்கே தொழிலாக நடத்தப்படவே இல்லை என்றும் அவர் எடுத்துக் காட்டினார். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே ஒருவரும் குடியிருக்கவில்லை என்பது போன்ற நிலை. அந்த அறிக்கையின் அடிப்படையில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. உணவுக்கும் மருந்துக்கும், செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை உண்டு, பொருளுக்குக் கிடையாது என்று அது சொல்லிற்று. வேறு முறையில் அதே மருந்தைச் செய்தால் தடையில்லை. நம் மருந்துக் கம்பெனிகள் தழைத்தது இந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

இதைத் திருட்டு என்று சொன்னவர்கள் மேல் நாடுகளில் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நோவார்ட்டிஸின் தாய்நாடான ஸ்விட்சர்லாந்திலேயே 1970-களின் பிற்பகுதி வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. ஏணியில் ஏறிப் பரணுக்குப் போனவர்கள், கீழே நிற்பவன் ஏணியைத் தொட்டால் 'அபசாரம்' என்பது உலக வழக்கம்தான்.

1995-இல் உலக வர்த்தக ஸ்தாபனம் பிறந்தது. அதில் சேர்ந்த இந்தியா, 2005-க்குள் மருந்துப் பொருள்களுக்கும் காப்புரிமை கொடுக்கச் சட்டம் செய்வதாக ஒப்புக்கொண்டது. அதுவரை வருகிற விண்ணப்பங்களைப் பிரிக்காமல் ஒரு பெட்டியில் போட்டு வைப்பது என்று ஏற்பாடு. கோயில் உண்டியலைப் போலப் பத்து ஆண்டுகள் அந்தப் பெட்டி மூடியே இருந்தது.

அந்தப் பெட்டியில் 1998 ஜூலை 17-ஆம் தேதி சென்னை அலுவலகத்தில் விழுந்த விண்ணப்பம் ஒன்றின் எண் 1602. மெட்ராஸைக் குறிக்கும் எம்.ஏ.எஸ். என்ற எழுத்துக்களும் அந்த எண்ணோடு சேர்ந்திருந்தன. விண்ணப்பதாரர் நோவார்ட்டிஸ். ஆனால் அவர்கள் இமாட்டினிப் என்ற மூல மருந்துக்கு உரிமை கேட்கவில்லை, கேட்க முடியாது. அதற்கு 1995-க்கு முன்பே வெளிநாடுகளில் காப்புரிமை கேட்டாகிவிட்டது. அந்தக் காலத்துக் கண்டுபிடிப்புக்கு இந்தியப் பெட்டியில் இடம் இல்லை. ஆகையால் அந்த மருந்திலிருந்து வந்த மெசிலேட் என்ற உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு, பீட்டா படிகத்துக்கு, உரிமை கேட்டார்கள்.

நாம் சமையலறையில் பார்ப்பதை வைத்துச் சொன்னால், சர்க்கரையும் கற்கண்டும் போல என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் இனிப்பு ஒன்றே. கற்கண்டு ஈரத்தில் சட்டென்று இளகாது, கையில் ஒட்டாது, டப்பாவில் போட்டு வைக்கத் தோதானது. பீட்டா படிகமும் அப்படித்தான். மாத்திரை செய்யும்போது நன்றாக ஓடும். ஈரத்தை அதிகம் இழுக்காது. வெகு நாள் கெடாமல் இருக்கும்.

2003 நவம்பரில், காப்புரிமை பற்றிய முடிவு வருவதற்கு முன்பே, தனியாக விற்கும் உரிமை மட்டும் கம்பெனிக்குக் கிடைத்தது. அதன் பலத்தில் சில இந்தியக் கம்பெனிகள் கோர்ட் உத்தரவால் நிறுத்தப்பட்டன. பத்தாயிரம் ரூபாய் மருந்து கடையிலிருந்து மறைந்தால் என்ன ஆகும் என்பது அப்போதே நோயாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்றும், நாட்கோ, சிப்லா முதலிய கம்பெனிகளும் விண்ணப்பத்தை எதிர்த்தன.

2005-இல் புதிய சட்டம் வந்தபோது, பார்லிமெண்ட் அதில் ஒரு வேலி போட்டிருந்தது. மூன்றாவது பிரிவின் 'டி' உட்பிரிவு. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்தைக் கண்டால் மட்டும் போதாது. அந்தப் பொருளின் அறியப்பட்ட பலனைவிட அதிகப் பலன் அந்தப் புது வடிவத்தால் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் சாரம். ஒரே மருந்துக்குப் புதுப்புதுச் சட்டை போட்டு, இருபது ஆண்டை நாற்பது ஆண்டாக நீட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக வைத்த வேலி.

2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளிற்று. கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. உத்தரவு தவறு என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சட்டப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது, 'பலன்' என்ற சொல்லுக்கு எல்லை இல்லை, அதிகாரி தம் இஷ்டம்போல் அளக்க இடம் கொடுக்கிறது என்றும் வாதாடிற்று. வழக்கை வாபஸ் வாங்கும்படி உலகெங்கும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2007 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். மருந்துக்குப் பலன் என்றால் நோயைத் தீர்க்கும் பலன். அந்தத் துறையில் பழகியவர்களுக்கு அது விளங்காத சொல் இல்லை. சட்டம் செல்லும் என்றார்கள். உலக வர்த்தக ஒப்பந்தத்தோடு சட்டம் ஒத்துப் போகிறதா என்று தீர்மானிக்கும் இடம் இந்தக் கோர்ட் இல்லை என்றும் சொன்னார்கள்.

உத்தரவின் மேல் இருந்த அப்பீல், அறிவுச் சொத்துக்காகச் சென்னையில் இருந்த தனி ட்ரிப்யூனலுக்குப் போயிற்று. (2021-இல் அந்த ட்ரிப்யூனலே எடுக்கப்பட்டுவிட்டது.) அங்கே யார் உட்கார்ந்து விசாரிப்பது என்பதிலேயே ஒரு சண்டை, அதற்கும் டில்லி வரை போனார்கள். 2009 ஜூனில் ட்ரிப்யூனலும் கைவிரித்தது. உடனே கம்பெனி, ஹைகோர்ட்டைத் தாண்டி நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2011-இல், வழக்கு எந்த நீதிபதியின் முன் இருந்ததோ அவருடைய நடுநிலை பற்றி ஐயம் எழ, அவர் விலகிக்கொண்டார். கடைசியில் 2012-இல் நீதிபதிகள் ஆஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் விரிவாக விசாரித்தார்கள். ஹைகோர்ட்டைத் தாண்டி வந்தது முறையில்லை, இதை ஊக்குவிக்க முடியாது என்று முதலில் ஒரு குட்டு வைத்தார்கள். ஆனால் திருப்பி அனுப்பினால், கேட்கும் உரிமையின் கெடுவே முடிந்து போய்விடும் என்பதால் தாங்களே விசாரிக்க இசைந்தார்கள். 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. விண்ணப்பம் விழுந்த நாளிலிருந்து ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள்.

பதினைந்து ஆண்டுகள் விசாரித்து, கோர்ட் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு. ஒன்று: பீட்டா படிகம் எந்தப் பொருளின் புது வடிவமோ, அந்தப் பொருள் முன்பே தெரிந்ததா? இரண்டு: தெரிந்தது என்றால், புது வடிவத்தால் பலன் கூடியதா?

முதல் கேள்வியில் கம்பெனியின் பழைய காகிதங்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்லின. இங்கே, மெசிலேட் உப்பு பழைய காப்புரிமையில் அடங்கவில்லை, அது புதிது என்று வக்கீல்கள் வாதாடினார்கள். ஆனால் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கேட்டபோது, சிம்மர்மானின் பழைய காப்புரிமையைக் காட்டித்தான் கேட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் நாட்கோ கம்பெனி அந்த உப்பை விற்றபோது, அதே பழைய காப்புரிமையின் பேரில்தான் நோட்டீஸ் விட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பேச்சு, கோர்ட்டுக்கு ஒரு பேச்சு என்பதை எந்த நீதிபதி ஏற்பார்? உப்பு முன்பே தெரிந்த பொருள் என்று முடிவாயிற்று.

இரண்டாவது கேள்விக்கு ஹைகோர்ட் சொன்ன பதிலையே சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. மருந்துக்குப் பலன் என்றால் நோய் தீர்க்கும் பலன். நன்றாக ஓடுவதும் கெடாமல் இருப்பதும் மாத்திரை செய்பவனுக்கு நல்லது. நோயாளியின் நோய்க்கு அதனால் என்ன? உடம்பில் முப்பது சதவீதம் அதிகமாகச் சேர்கிறது என்றார்களே? அதனால் நோய் அதிகமாகத் தீர்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டும், அத்தாட்சி இல்லை. ஆகவே காப்புரிமை இல்லை. முன்னேற்றம் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்றும் நீதிபதிகள் சேர்த்தே சொன்னார்கள்.

கவனித்துப் பார்த்தால், இந்தத் தீர்ப்பில் இரக்கத்துக்கு இடமே இல்லை. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்ற விலையைக் காட்டி, ஏழைக்கு எட்டாத மருந்துக்கு உரிமை கொடுப்பது பொது ஒழுங்குக்கே கேடு என்று ட்ரிப்யூனல் சொல்லியிருந்தது. சுப்ரீம் கோர்ட் அந்தத் தூணில் சாயவில்லை. 'பலன்' என்ற ஒரு சொல்லின்மேல் நின்றே தீர்த்துவிட்டது. இது எனக்கு முதலில் வறட்சியாகத் தோன்றியது உண்மை. ஆயிரக்கணக்கானோர் உயிர் ஊசலாடும்போது, படிகம் ஓடுமா ஒட்டுமா என்று பேசிக்கொண்டிருப்பதா என்று மனம் கேட்டது. யோசிக்க யோசிக்க, அந்த வறட்சியில்தான் நியாயம் இருக்கிறது என்று படுகிறது. இரக்கத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதினால், நாளைக்கு இரக்கம் இல்லாத நீதிபதி ஒருவர் வரும்போது ஏழை என்ன செய்வான்? சொல்லின்மேல் நிற்கிற தீர்ப்பு, ஆள் மாறினாலும் நிற்கும்.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன். சும்மா கொடுப்பவனைவிட விலைக்கு விற்பவன் எப்படி மேல்?

இலவச மருந்து வாங்குகிற ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். தான் ஏழை என்று அவன் காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும். திட்டம் அடுத்த வருஷமும் நடக்குமா என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும். கொடுப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். முகம் கோணாமல் கொடுக்கலாம். ஆனாலும் அவன் மகளுடைய உயிர் இன்னொருவருடைய நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல மனம் மாறுவதற்கு எந்தச் சட்டமும் தடை போட முடியாது. ஏழையும் இல்லாமல் பணக்காரனும் இல்லாமல் இடையில் நிற்கிறவனுடைய கதி இன்னும் மோசம். தானம் வாங்க அவனுக்குத் தகுதி இல்லை. விலை கொடுக்க அவனுக்குச் சக்தி இல்லை.

பத்தாயிரம் ரூபாய் மருந்து கடையில் இருந்தால் கதை வேறு. அவன் கடன் வாங்குவான். நகையை அடகு வைப்பான். சங்கமோ சர்க்காரோ உதவும். ஆனால் கடைக்காரன் முன்னால் வாங்குகிறவனாகப் போய் நிற்பான். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. தானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நியாயம் இருக்க வேண்டிய இடத்தில் தானம் வந்து உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்கிறேன். வழியை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டு, சுவரில் ஒரு துவாரம் வைத்து அதன் வழியாகச் சோறு நீட்டுகிறவனைத் தர்மவான் என்று எப்படிச் சொல்லுவது? அந்தச் சுவரை எழுப்ப அவனுக்கு உரிமை உண்டா என்று முதலில் கேட்க வேண்டும் அல்லவா? கோர்ட் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

கம்பெனிக்கு மனக்குறை இருக்க நியாயமில்லையா என்று கேட்டால், உண்டு என்றே சொல்லுவேன். மூல மருந்து மகத்தான கண்டுபிடிப்பு. நம் சட்டத்தின் தேதிக் கணக்கால் அதற்கு இங்கே உரிமை இல்லாமல் போயிற்று. நம் ஊர்ப் பாகப்பிரிவினை வழக்குகளில் இதைப் பார்க்கலாம். கெடு தவறிப் போனதால் நன்செய்யைக் கேட்க முடியாத அண்ணன், கிணற்று மேட்டுத் தென்னைமரத்துக்காக ஹைகோர்ட் வரை போவான். அவனுடைய வேதனை நன்செய்யைப் பற்றியது. அது உண்மையான வேதனை. ஆனால் தென்னைமரம் அவனுடையது ஆகிவிடாது. பெரிய உழைப்புக்குக் கிடைக்காத கூலியைச் சிறிய உழைப்பின் பெயரில் வசூலிக்க முடியாது.

இப்படிப் போனால் நாளைக்கு யார் மருந்து கண்டுபிடிப்பார்கள் என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதையும் பாருங்கள். எல்லாக் காப்புரிமையும் ஒழுங்காக இருந்த அமெரிக்காவில், இந்த மருந்தின் ஆண்டு விலை 2001-இல் சுமார் 30,000 டாலராக இருந்தது. 2012-இல் 92,000 டாலர் ஆகிவிட்டது. போட்ட முதல் திரும்பி வர வர, விலை இறங்கவில்லை, ஏறிற்று. நம் தீர்ப்பு வந்த அதே 2013-இல், இந்த நோய்க்கு வைத்தியம் செய்யும் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து, இந்த விலைகள் தர்மத்துக்கு அடுக்காது என்று ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். மருந்துக்காகப் பிடிவாதம் பிடித்த டாக்டர் ட்ரூக்கரே அதற்குப் பல ஆண்டுகள் முன்னால் இந்தியப் பத்திரிகை ஒன்றில் தம் மன வருத்தத்தை வெளியிட்டிருந்தார். கண்டுபிடித்தவனின் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள்; கண்டுபிடித்தவன் தலை குனிகிறான்.

இருந்தாலும் அந்தக் கேள்வி முழுதும் தீர்ந்துவிடவில்லை. பிலடெல்பியாவிலும் சிகாகோவிலும் ஸ்விட்சர்லாந்திலும் நாற்பது ஆண்டுகள் யார் யாரோ கண் விழித்தார்கள். அந்தப் பயனை நாம் மலிவாகப் பெற்றுக்கொண்டோம். சட்டப்படி அது சரி. கோர்ட்டும் சரி என்று சொல்லிவிட்டது. ஆனால் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்றால், தூர் வாரும் நாளில் மண்வெட்டியோடு வர எல்லோருக்கும் கடமையும் உண்டு. நம் சர்வகலாசாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் புது மருந்துக்கான ஆராய்ச்சிக்கு நாம் எவ்வளவு செலவழிக்கிறோம்? மலிவு மருந்துக்காகக் கோர்ட்டில் வெற்றி பெற்ற ஒரு தேசம், இந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்பதற்கு முன் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. மாதம் எட்டாயிரம் ரூபாய் என்பது அறுவடைக் கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு எட்டுகிற தொகை ஆகாது. அவள் விஷயத்தில் ஒரு லட்சத்துக்கும் எட்டாயிரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுவரை எழுப்ப உரிமை இல்லை என்று சொல்ல மட்டுமே கோர்ட்டால் முடியும். சுவர் இல்லாத வழியில் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டியது சர்க்காரும் நாமும். அதையும் அவள் தானமாகக் கேட்கும்படி நாம் வைத்துவிடக் கூடாது.